வழுக்குத் திருநாள்

கிருஷ்ணகிரி
9.6.2025

அக்காவுக்கு,

வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உன் அங்கன்வாடிக்கு எழுதியிருப்பதிலேயே உனக்குப் பாதி புரிந்திருக்கும். போனில் பேசலாம்தான். நம் வீட்டில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், பக்கத்தில் அத்தான் இருப்பார். தவிர, நேற்று வாயால் சொன்னதை இன்று மாற்றிச் சொல்பவர்களோடுதான் இந்த ஸ்டேஷனில் தினமும் என் பிழைப்பு. எழுதிவிட்டால் மாற்ற முடியாது. நீயும் எழுதியே பதில் சொல்.

வழுக்குத் திருநாளுக்கு மாமா கட்டாயம் வர வேண்டும் என்று ஸ்வாதி செய்தி அனுப்பியிருக்கிறாள். தாத்தா போன துக்கத்தில் போன வருஷம் விட்டுப்போயிற்று, இந்த வருஷம் தன் கல்யாணத்துக்கு முன்னால் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்கிறாள். பதில் போடாமல் வைத்திருக்கிறேன்.

காரணம் இதுதான். இங்கே ஜெபமலர் என்று ஒரு ஏட்டம்மா. லீவு எதற்கு சார் என்று கேட்டார், விளையாட்டாகக் கதையைச் சொன்னேன். "எங்கப்பா ஐந்தருவியில் வழுக்கி விழுந்தார். தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிற்று. முன்பின் தெரியாத இலத்தூர்ப் பையன் ஒருவன் பாய்ந்து பிடித்தான். அம்மா கரையிலேயே அவனுக்குப் பெண் தருவதாகச் சொல்லிவிட்டாள். அவர்தான் எங்க அத்தான். அதனால் வருஷா வருஷம் ஆடி முதல் ஞாயிறு முற்றத்தில் சீயக்காய் கரைத்த தண்ணீரை ஊற்றுவோம். அப்பா தொப்பென்று விழுவார், அத்தான் கையைக் கொடுத்துத் தூக்குவார். அப்புறம் தெருவே ஒவ்வொருவராக விழும். அன்றைக்கு 'பாத்துப் போ' என்று யாரும் சொல்லக் கூடாது, சொன்னவர் உடனே விழ வேண்டும். மத்தியானம் பார்டர் கடையிலிருந்து பரோட்டாவும் கோழியும்."

ஏட்டம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அவர் வழுக்கினதைக் கண்ணால பார்த்தது யாரு சார்?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் காய்ச்சலில் வீட்டில் கிடந்தேன், பன்னிரண்டு வயது. நீ பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தாய். அம்மா துணிப்பையோடு கரையில். பார்த்தது யார் அக்கா? கேள்வி சின்னதுதான். பதில் எழுது.

தளவாய்

*

தென்காசி
14.6.2025

தளவாய்,

தபால்காரர் பிள்ளைகள் முன்னால் வைத்து "டீச்சருக்கு லெட்டர்" என்று நீட்டியபோது, உனக்கு என்ன ஆயிற்றோ என்று நின்றபடியே உறையைக் கிழித்தேன். பிரித்துப் பார்த்தால் விசாரணை. சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகம் உனக்குச் சம்பளம் கொடுத்தால் போதும், வீட்டுக்குள் வந்து படுக்க வேண்டாம்.

யார் பார்த்தார்கள் என்றா கேட்கிறாய்? அருவியில் நிற்கிறவன் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பான். கூச்சல் கேட்டு நான் ஓடி வந்தபோது அப்பா கரையில் கிடந்தார், வாய் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. உன் அத்தான் கை ரத்தமாக இருந்தது. எனக்கு அது போதும்.

அந்த ஒரு நாள் இல்லையென்றால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று உனக்குத் தெரியாது, நீ சின்னப் பயல். திருவேங்கடத்து மாமா மகனுக்கு என்னைக் கொடுப்பதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். குடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடக்கிற ஆள். அப்பாவிடம் மட்டும் ஒரு தடவை அழுதேன். அவர் என்ன செய்வார், அம்மா முன்னால் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். அடுத்த மாதம் தாம்பூலம் மாற்றுவதாக இருந்தது. அதற்குள் அப்பா வழுக்கினார். சாமி பார்த்துச் செய்தது என்று இன்று வரை கும்பிடுகிறேன். அதில் போய் நீ கையை வைக்கிறாய்.

ஆவணியில் ஸ்வாதிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வராமல் நம் வீட்டுப் பெண் மேடை ஏற மாட்டாள். உனக்கு அது ஞாபகம் இருக்கட்டும். எதிர்வீட்டுத் தையல்கார சஃப்ரின்கூட, "ஒங்க தம்பி எப்பம் வருதாரு?" என்று கேட்டுவிட்டாள். அவள் பிள்ளைகள் இப்போதே விழுந்து பழகுகின்றன.

முப்பிடாதி

*

கிருஷ்ணகிரி
19.6.2025

அக்கா,

கோபப்பட்டு எழுதியிருக்கிறாய். கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை.

என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கடையநல்லூரில் அஹ்சன் என்று ஒருவர். அவர் அப்பா சீசன் நேரத்தில் அருவிக்கரையில் போட்டோ எடுத்துப் பிழைத்தவர். அந்தப் பழைய பிலிம்களை இவர் கழுவி ஃபேஸ்புக்கில் போட்டுவருகிறார். ஐந்தருவி, 2001 என்று போன மாதம் ஒரு படம். பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், வெளிச்சத்தில் பார். துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பது அப்பா. தலையில் எண்ணெய் மினுங்குகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதாவது விழுவதற்கு முன்னால். முகத்தில் கண்ணாடி இல்லை. பக்கத்தில், அப்பாவின் கண்ணாடிக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது யார்?

முன்பின் தெரியாதவனிடம் யாராவது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கொடுப்பார்களா? கண்ணாடி இல்லாவிட்டால் அப்பாவுக்கு நாலடிக்கு அப்பால் ஆளே தெரியாது.

இன்னொன்று. அத்தான் தென்காசி வாழைக்காய் மண்டியில் எடை போடுகிறவர் என்று கல்யாணப் பேச்சு முடிந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. "அட, நாம காய் போடுத மண்டியா?" என்று அப்பா ஆச்சரியப்பட்டாராம். வாரா வாரம் அங்கே தார் கொண்டு போட்டவர் அக்கா அவர்.

மூன்றாவதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நான் அப்பாவோடு இருந்தேன் அல்லவா. ஒரு சாயங்காலம் கண்ணை மூடியபடியே, "அன்னைக்கு மணி தள்ளலன்னா காரியம் நடந்திருக்காதுலே" என்றார். மணி என்று அப்பா கூப்பிடுவது அத்தானைத்தான். என்ன அப்பா என்றேன். தூங்கிவிட்டார். மறுபடி அந்தப் பேச்சு வரவில்லை. பிதற்றுகிறார் என்று விட்டுவிட்டேன். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு அப்படி விட முடியவில்லை.

தள்ளியது என்றால் தள்ளியதுதான். பெண்ணுக்காகவோ, வயலுக்காகவோ ஒருவன் தள்ளிவிட்டுத் தானே பிடிப்பது எனக்குப் புதிதில்லை.

தளவாய்

*

தென்காசி
27.6.2025

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாள் பதில் எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் படத்தையே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தில் இருப்பது உன் அத்தான்தான். அந்தக் கோடு போட்ட சட்டையை எனக்குத் தெரியும், கல்யாணமான புதிதில் நான் துவைத்திருக்கிறேன்.

நீ எனக்குள் என்னத்தையோ போட்டுவிட்டாய். இத்தனை வருஷம் கூடவே இருந்து பார்த்தவற்றையெல்லாம் இப்போது வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவர் ஐந்தருவியில் குளித்து நான் பார்த்ததே இல்லை. விருந்தாளி யார் வந்தாலும் பழைய குற்றாலத்துக்குக் கூட்டிப் போவார், இல்லையென்றால் புலியருவி. ஐந்தருவி என்றால், "அங்கன கூட்டமா இருக்கும்" என்பார். சீசன் முடிந்து ஆளே இல்லாத நாளிலும் அதையேதான் சொல்வார். இதை நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

அப்பா போன பிறகு அவர் சாமான்களைப் பிரித்தோமே, நினைவிருக்கிறதா? வாட்ச் இருந்தது, மோதிரம் இருந்தது. இவர் அந்தப் பழைய கண்ணாடியையும் கூட்டையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். மாமனார்மேல் என்ன பாசம் என்று நான் உருகிப்போனேன். இப்போது பீரோவைத் திறந்தால் அந்தக் கூடு என்னைப் பார்க்கிறது.

நேற்று சாப்பிடும்போது, "யாரு ஒனக்கு லெட்டர் போடுதா? தபால்காரரு சொன்னாரு" என்று கேட்டார். ஆபீஸ் சர்க்குலர் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. நான் பொய் சொன்னது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நடக்கிறோம். ஸ்வாதி பத்திரிகையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கிறாள். உன் பெயரை முதலில் எழுதிவிட்டாள்.

என்ன செய்யச் சொல்கிறாய்?

முப்பிடாதி

*

கிருஷ்ணகிரி
1.7.2025

அக்கா,

படத்தை அவர் முன்னால் வை. "தள்ளினீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேள். வேறு எதுவும் பேசாதே. அவர் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். பதில் என்னவோ அதை அப்படியே எழுது. கூட்டாதே, குறைக்காதே.

தளவாய்

*

தென்காசி
5.7.2025

தளவாய்,

கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது படத்தை அவர் முன்னால் வைத்தேன். நீ சொன்ன மாதிரி கையைப் பார்த்தேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆமா, தள்ளுனேன்" என்றார். "அதுக்கு மேல ஒண்ணும் கேக்காத முப்பிடாதி. ஒங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன்."

கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். இரண்டு நாளாக இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. யாரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன் என்று பயமாக இருக்கிறது.

முப்பிடாதி

*

கிருஷ்ணகிரி
8.7.2025

அக்கா,

ஒப்புக்கொண்டுவிட்டார். செத்துப்போனவருக்குச் செய்த சத்தியம் நல்ல வசதி, போய்க் கேட்க முடியாது.

நான் யோசித்துவிட்டேன். ஸ்வாதிமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அவள் குழந்தை. ஆனால் என் அப்பாவைத் தண்ணீரில் தள்ளியவர் பக்கத்தில் மேடையில் நின்று என்னால் மாலை எடுத்துக் கொடுக்க முடியாது. சீர் சாமான்களை ஆள் வைத்து அனுப்பிவிடுகிறேன். நான் வரவில்லை. திருநாளுக்கும் வரவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வாயோ சொல்லிக்கொள்.

வருஷா வருஷம் அப்பா முற்றத்தில் விழ, இவர் தூக்கிவிட, நாமெல்லாம் கை தட்டியிருக்கிறோம். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

தளவாய்

*

தென்காசி
12.7.2025

அன்புள்ள தளவாய்,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பாதியில் நிறுத்தாதே. நீ கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று சொன்னபடியே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று என்னால் அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அதை உன் அத்தான் மடியில் தூக்கிப் போட்டேன். "எந்தம்பி வரமாட்டான். எம்மவ மாலை இல்லாம மேடை ஏறணும். சத்தியத்தக் கட்டிக்கிட்டு நீங்க அங்கனயே இருங்க" என்று கத்தினேன். அவர் எழுந்துபோய் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே படுத்திருந்த அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

"ஏட்டி, அவன ஏன் போட்டு வறுக்குத?" என்றாள். "ஒங்கப்பா வழுக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து சாவகாசமாகச் சொல்கிறாள், ரேஷன் கடைக்குப் போய்வந்த கதை மாதிரி.

"குளிக்கப் போனா கண்ணாடிய எங்கிட்டதான் குடுப்பாரு. அது ஒரு நாளும் மாறாது. அன்னைக்குக் கூட்டக் கையில வச்சிக்கிட்டு, கண்ணாடிய மாட்டிக்கிட்டே உள்ள போறாரு. என்னடா இதுன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அங்கன நின்ன ஒரு பயகிட்டக் கழட்டிக் குடுக்காரு. ரெண்டு பேரும் என்னமோ பேசுதாங்க. பெறவு விழுதாரு. இழுத்துக் கரையில போட்டதும் நான் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுதேன், அது நெஜ அழுகதான், ஆளு செத்துப் பொழச்சாருல்லா. கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? அந்தப் பயலப் பாத்து, 'கண்ணாடி எங்கலே?'ன்னு கேக்காரு. ஊரு பேரு தெரியாத பயகிட்ட. அவனும் ஓடிப்போயி சட்டைக்குள்ள இருந்து எடுத்தாந்து குடுக்கான்."

தெரிந்தேயா என்னைக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"பின்ன? எங்கண்ணன் மகன் குடிச்சிட்டுக் கிடந்தது எனக்கு மட்டும் தெரியாதா? வாக்குக் குடுத்துட்டேனே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மாத்துவேன்? எங்கிட்டப் பேச இந்த மனுசனுக்குத் தைரியம் கிடையாது. அதனால தண்ணியில விழுந்து மாத்திக் குடுத்தாரு. எங்கண்ணன் சண்டைக்கு வந்தான். 'என் தாலியக் காத்தவனுக்குப் பொண்ணு குடுத்தேன், நீ என்ன சொல்லுத?'ன்னு கேட்டேன். வாயடைச்சுப் போச்சு."

"இத அப்பாகிட்ட ஒரு நாளாவது சொன்னியா?"

"சொன்னா அடுத்த வருசம் விழுவாரா?" என்றாள். "எனக்குப் பயந்துக்கிட்டு, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டு, வருசா வருசம் அந்த மனுசன் முத்தத்துல விழுறத நான் பாக்கணும்லா." அவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே சொன்னவள், அப்போதுதான் முந்தானையை எடுத்தாள்.

நிலைப்படியில் நின்ற உன் அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அவர் அப்பாவுக்குச் செய்த சத்தியம். அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். இந்த மனுஷன் இத்தனை காலம் சுமந்தது வெறும் சுமை.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மண்டியில் அப்பா அவரிடம் வாரா வாரம் பேசிப் பழகி, நல்ல பையன் என்று மனதில் வைத்திருந்தார். ஒரு நாள் தாரை இறக்கிவிட்டு, "எம்மவளக் காப்பாத்தணும், அதுக்கு நீ என்னக் காப்பாத்தணும்லே" என்றாராம். சும்மா வழுக்குவது, இவர் தூக்குவது, அவ்வளவுதான் ஏற்பாடு. அங்கே போய் நின்றதும் அப்பாவுக்குக் கால் நடுங்கியது. நானாக விழ வரமாட்டேங்குது, நீ தள்ளுலே என்றார். இவர் தள்ளினார்.

"தண்ணி அப்படி இழுக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியாது" என்றார். "கையில துண்டு மட்டும்தான் வந்துச்சு. ஆளக் காணும். பாறையில பெரண்டு போயி அரைஞாண் கயித்தப் பிடிச்சேன். அது வெரல அறுத்துட்டு. விட்டுருந்தா நான் கொலகாரன், முப்பிடாதி. அந்த அருவியில போயி நான் எப்படிக் குளிப்பேன்?" அந்தக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்க்கும்போதுதான், அன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுக்க ஆள் இருந்தாரே என்று அவருக்கு மூச்சு வருமாம்.

நாடகத்துக்குத்தான் போனார்கள். ஆனால் காப்பாற்றியது நாடகம் இல்லை.

நான் சாமி செய்தது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேனே தம்பி. நான் ஒரு தடவை அழுதேன், அந்த ஒரு அழுகைக்காக நீச்சல் தெரியாத மனுஷன் தண்ணீரில் விழுந்தார். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. அப்பா இருக்கும்போது எனக்கு இது தெரியவில்லையே என்று அழுகை நிற்கவே மாட்டேன் என்கிறது.

உட்கார்ந்திருந்த உன் அத்தானுக்கு நான்தான் போய்க் கையைக் கொடுத்தேன். பிடித்து எழுந்துகொண்டார்.

இனி நீ யோசி.

அக்கா

*

கிருஷ்ணகிரி
15.7.2025

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இந்தக் கடிதம் வீட்டு விலாசத்துக்கே வருகிறது. எல்லோருமாகச் சேர்ந்து படித்துக்கொள்ளுங்கள்.

உன் கடிதத்தை ஸ்டேஷன் மரத்தடியில் நின்று படித்தேன். உட்காரச் சொன்னாய், நான் கேட்கவில்லை. "கண்ணாடி எங்கலே" என்ற இடத்தில் உட்கார வேண்டியதாகிவிட்டது. அது அப்பாவின் குரல். ஜெபமலர் ஓடி வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை, எங்கப்பா வழுக்கவில்லை என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் சேர்த்து வைத்த சாட்சியங்கள் ஒன்றுகூடத் தப்பில்லை. போட்டோ சரி, மண்டி சரி, தள்ளினது சரி. எல்லாம் சரியாக இருந்தும் கேஸ் முழுக்கத் தப்பு. இப்படி ஒரு கேஸை நான் பார்த்ததில்லை. அத்தான், உங்களை என்ன வார்த்தை எழுதினேன் என்று எனக்குத் தெரியும். நேரில் வந்து பேசுகிறேன்.

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் குடும்பத் திருநாள் என்று எழுதினேன். என்ன திருநாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். முழுவதும் சொன்னேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டே அவரும் கேட்டார், விழுந்ததை யாருய்யா பார்த்தது என்று. எங்கம்மா சார் என்றேன்.

சனிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறேன், ஞாயிறு காலையில் அங்கே இருப்பேன். ஆவணியில் ஸ்வாதிக்கு மாலை என் கையால்தான். அதை அவளிடம் முதலில் சொல்லிவிடு.

திருநாளைப் பற்றி ஒன்று. இந்த வருஷம் அப்பா இடத்தில் நான் விழுகிறேன். ஆனால் நானாக விழ மாட்டேன், அத்தான்தான் தள்ள வேண்டும். பீரோவிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து வையுங்கள். அதை நான் மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வருவேன். அம்மாவை நன்றாகப் பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். அவள் கண் முன்னால் கழற்றி அத்தான் கையில் கொடுத்துவிட்டு விழுகிறேன்.

தளவாய்